பஸ் ஸ்டாண்ட் டிசைன் செய்யச் சொன்னார்கள். 11 நாளாக ஒரு கோடும் வரவில்லை

பட்டர்பேப்பர்:

வணக்கம். பி.ஆர்க் (கட்டடக்கலை) மூன்றாம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர். ஊர் பெயரைச் சொன்னால் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் மதுரைக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த செமஸ்டர் ஸ்டுடியோவில் (டிசைன் வகுப்பு) ஒரு சின்ன டவுனுக்குப் பஸ் ஸ்டாண்ட். 2.3 ஏக்கர். 18 பஸ் நிற்க வேண்டும், 24 கடை, டைம் கீப்பர் அறை, கழிப்பறை, பாலூட்டும் அறை, டூவீலர் ஸ்டாண்ட். இந்தத் தேவைப் பட்டியல், அதாவது பிரீஃப், கைக்கு வந்த அன்று ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தினமும் 40 நிமிடம் டவுன் பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான். எனக்குத் தெரியாத பஸ் ஸ்டாண்டா என்று நினைத்தேன்.

சைட் விசிட் போனோம், 212 போட்டோ எடுத்தேன். கேஸ் ஸ்டடிக்குக் கோயம்பேடும் கிளாம்பாக்கமும். பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. காலையில் ஆட்டோகேடைத் திறப்பேன், கிரிட் போடுவேன், மூடுவேன். பின்டரெஸ்டில் 640 படம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் எத்தனை படத்தில் பஸ் இருக்கிறது என்று என் ரூம்மேட் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது.

நாலாம் நாள் டெஸ்க் கிரிட்டுக்கு (வரைந்ததை ஆசிரியர் பார்த்துக் கருத்துச் சொல்லும் நேரம்) பனை ஓலை வடிவத்தில் ஒரு கூரை வரைந்து போனேன். "இதைத்தான் வருஷா வருஷம் நாலு பேர் கொண்டுவருகிறீர்கள். கான்செப்ட் என்ன?" என்று ஒரே கேள்வி. அதிலிருந்து பேனாவை எடுத்தாலே அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. கான்செப்ட் என்ன, கான்செப்ட் என்ன. அலை போட்டேன், கிழித்தேன். பறவை சிறகு போட்டேன், கிழித்தேன். தேர்ச்சக்கரம் ஒன்று போட்டேன், அதைக் கிழிக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு கேவலம்.

இரண்டாம் ஆண்டில் நான் செய்த மீனவர் ஓய்வுக்கூடத்தை டிபார்ட்மென்ட் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். அதை வேறு யாரோ செய்த மாதிரி இருக்கிறது.

அப்பாவிடம் போனில் அழுதேன். "பஸ் ஸ்டாண்டுதானே கண்ணு, நாலு தூண், ஒரு கூரை" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ரிவ்யூவுக்கு இன்னும் 9 நாள். இப்படி அடைத்துக்கொண்டவர்கள் எப்படி வெளியே வந்தீர்கள்? "பிரேக் எடு, பாட்டுக் கேள், நடந்துவிட்டு வா" என்பதெல்லாம் முடிந்துவிட்டது. நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.


அரியர்_அண்ணா:

தங்கச்சி, முதலில் ஒரு ஆறுதல். சிட்னி ஆபரா ஹவுஸ் டிசைன் போட்டியில் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சோன் ஜெயித்தது 1957ல். சிப்பி மாதிரி நிற்கிற அந்தக் கூரை வளைவுகளை எந்தக் கணக்கில் கட்டுவது என்று முடிவானது 1961ல். எல்லா வளைவையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று பிடிபட 4 வருடம். அதற்குள், 1959லேயே, கீழே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். மேலே என்ன வரப்போகிறது என்றே தெரியாமல்! உனக்கு வெறும் 11 நாள்தான் ஆகியிருக்கிறது.

என் வழி கொஞ்சம் மட்டமானது. ஏற்கெனவே கட்டிய ஒரு பஸ் ஸ்டாண்ட் பிளானை எடு. அப்படியே உன் சைட்டில் தூக்கி வை. பொருந்தாது. பொருந்தாத இடத்தை எல்லாம் சரிசெய்துகொண்டே போ. மூன்றாம் நாளில் அது உன்னுடையதாகியிருக்கும். வெள்ளைத்தாளைப் பார்த்து மிரளுவதற்கு, தப்பான பிளானைத் திருத்துவது எவ்வளவோ மேல். நான் நாலு செமஸ்டர் இப்படித்தான் ஓட்டினேன். (அரியர் வந்தது ஸ்ட்ரக்சர்ஸில், டிசைனில் இல்லை. பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம்.)

இன்னொன்று, சீரியஸாக. சாப்பாடு இறங்கவில்லை, நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லை என்றால் அது டிசைன் பிரச்சினை கிடையாது. டாக்டரைப் பார்.


சுண்ணாம்புக்காரை:

19 வருடமாக நெல்லைப் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். நடுவில் ஆறு வருடம் ஒரு கல்லூரியில் ஸ்டுடியோ எடுத்தேன். அதாவது, "கான்செப்ட் என்ன" என்று கேட்டுப் பிள்ளைகளை அழவைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. மன்னித்துவிடும்மா.

உன் பதிவில் இரண்டு எண் கண்ணில் பட்டது. 212 போட்டோ. 640 படம். அளந்த எண் ஒன்றுகூட இல்லை. சைட்டுக்கு டேப் கொண்டுபோனாயா? பிளாட்பாரம் எவ்வளவு உயரம், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பூக்காரம்மா உட்காருகிற இடம் எத்தனைக்கு எத்தனை? 40 நிமிடம் தினமும் பஸ்ஸில் போனவளுக்குப் பஸ் தெரியும்தான். ஆனால் பஸ்ஸில் போகிறவளுக்குத் தெரிகிற பஸ் ஸ்டாண்ட் வேறு, வரைகிறவளுக்குத் தெரிய வேண்டியது வேறு.

கிளாம்பாக்கம் 88 ஏக்கர். உன்னுடையது 2.3. யானையை அளந்து பூனைக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தால் கை நிற்கத்தான் செய்யும். உன் அளவில் ஒன்று வேண்டுமென்றால் பிரேசிலில் ஜாவூ என்ற ஊரின் பஸ் நிலையத்தைத் தேடிப் பார். விலனோவா அர்த்திகாஸ் என்ற ஆர்க்கிடெக்ட் செய்தது, 1973. பெரிய தட்டையான கான்கிரீட் கூரை, கீழே தூண்கள். ஒவ்வொரு தூணும் மேலே போகப் போக நாலாகப் பிரிந்து விரிகிறது. பிரிகிற இடத்தில் கூரையில் ஓட்டை, அது வழியாக வெளிச்சம் தூண் மேலேயே வழிந்து இறங்கும். உன் அப்பா சொன்ன அதே "தூண், கூரை" தான். தூண் எங்கே நிற்கிறது, கூரையை எப்படித் தொடுகிறது என்பதில் அந்த மனிதர் எல்லாவற்றையும் வைத்துவிட்டார். அப்பாவுக்குப் போன் செய்து பேசு.

இன்னும் ஒன்று, பக்கத்திலேயே. திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினால் பஸ் நிலையத்தை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கும், லாரி பேக்கர் கட்டியது. இத்துனூண்டு இடம். மாடி என்று தனியாக எதுவும் கிடையாது, ஒரே சரிவுப்பாதை சுற்றிச் சுற்றி மேலே போகும், அந்தச் சரிவு நெடுக மேஜை. அங்கே உட்கார்ந்து ஒரு கட்லெட் சாப்பிடு. டேப்பை வெளியே எடு. சரிவில் மேஜை ஆடாமல் நிற்க என்ன செய்திருக்கிறார் என்று குனிந்து பார். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் என் நாலாம் ஆண்டில் இதே மாதிரி அடைத்துக்கொண்டேன். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது எங்களுக்கு வந்துகொண்டிருந்த வயசான விசிட்டிங் சார் ஒருவர், "நீ டிசைன் செய்யக் கூடாது. இருக்கிற ஆஸ்பத்திரியின் ஓ.பி. வராண்டாவை மட்டும், குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி, 1:50ல் செக்‌ஷன் போட்டுக்கொண்டு வா. நீயாக ஒரு கோடு சேர்த்தாலும் திருப்பி அனுப்புவேன்" என்றார். தண்டனை என்று நினைத்தேன். டோக்கன் வாங்கக் காத்திருப்பவர்கள் சுவரில் தலை சாய்த்துச் சாய்த்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒரு எண்ணெய்க்கறை நீளமாக ஓடியது. அதை வரைந்துகொண்டிருந்தபோது, இந்தச் சுவருக்கு இங்கே ஒரு திண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றியது. சார் சொன்னதை மீறி அந்தத் திண்டை வரைந்துவிட்டேன். அவர் திருப்பி அனுப்பவில்லை.

அதனால் உனக்கும் அதேதான். பிளானை மூடி வை. இருக்கிற பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு இடத்தில் செக்‌ஷன் வெட்டு: கடை, பிளாட்பாரம், பஸ், வெளியே சாலை. 1:50. கையால். அதில் வெயிலைப் போடு. நம் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், தெற்குப் பக்கம் மட்டும் சன்ஷேடு போட்டுவிட்டு வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம் மேற்கு. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் தரையிலிருந்து சுமார் 35 டிகிரியில் நிற்கும். கூரை 4.5 மீட்டர் உயரம் என்றால் மேற்கு ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட 6 மீட்டர் உள்ளே வெயில் வந்துவிடும். உன் பிளாட்பாரம் எவ்வளவு அகலம் என்று நீயே பார்த்துக்கொள்.

அரியர்_அண்ணா தம்பி சொன்ன "தூக்கி வைத்துத் திருத்து" வழியும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது நாளில் அடுத்தவர் பிளானைத் திருத்தத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சுவது அடுத்தவர் பிளானாகத்தான் இருக்கும். தம்பிக்குத் தைரியம் ஜாஸ்தி.

மாடலுக்கு ஒன்று: மவுன்ட்போர்டு வாங்காதே. விலை ஏற ஏறக் கத்தி வைக்கவே பயம் வரும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒரு கட்டு எடுத்துக்கொள். 1:200. இரண்டு மணி நேரத்தில் கூரை மட்டும் பன்னிரண்டு. பதினொன்று குப்பையாக இருக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு உட்கார்.


டிரிப்ஷீட்:

என் மகள் காட்டினாள், அதனால் எழுதுகிறேன். நான் கட்டடம் கட்டுகிறவன் இல்லை. 27 வருடம் கண்டக்டர், இப்போது ஓய்வு. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா, நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மூக்கை பிளாட்பாரத்துக்குக் கொடுத்துத்தான் நிற்கும். வெளியே எடுக்கும்போது ரிவர்ஸ். கண்டக்டர் பின்னால் நின்று விசில் கொடுக்க வேண்டும். ஒற்றை விசில் நிறுத்து, இரட்டை விசில் போ. அந்த நேரத்தில் பின்னால் யார் குறுக்கே ஓடுவார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் பஸ் ஸ்டாண்டை 27 வருடமும் பஸ்ஸின் முதுகுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன்.

அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். கூரை டிரைவர் கண்ணாடியோடு முடிந்துவிடும். ஏறுகிற படி எங்கே இருக்கிறது? பஸ்ஸின் இடது பக்கம். பின்படி கிட்டத்தட்ட கடைசியில். அதாவது கூரையை விட்டு 9, 10 மீட்டர் வெளியே, இரண்டு பஸ்ஸுக்கு நடுச் சந்தில். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிள்ளையோடு, அரிசிப்பையோடு அந்தச் சந்துக்குள் வருவார்கள். அதே சந்தில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவார்கள். சண்டை எல்லாம் அங்கேதான். உள்ளே கூரைக்கு அடியில் போட்ட பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பஸ்ஸுக்கு வராதவர்கள். பஸ்ஸுக்கு வந்தவர் போர்டு தெரிகிற இடத்தில்தான் நிற்பார். உட்கார்ந்தால் சீட் போய்விடும்.

பாலூட்டும் அறையை 2015ல் எல்லா ஊரிலும் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே கட்டிமுடித்த இடத்தில் கிடைத்த மூலையில்தானே வைக்க முடியும். எங்கள் ஊரில் அது கழிப்பறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த அறையில் இருந்தால் தன் பஸ் வந்ததா என்று தெரியாது. ஜன்னல் வைத்தால் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியும். இதற்கு நீ ஒரு வழி யோசி.

18 பஸ் என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்ன கணக்கு? காலை 8 மணியிலிருந்து 9:30 வரை போய் எண்ணிப் பார். நாளெல்லாம் 18 நிற்காது.


பட்டர்பேப்பர்:

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஐயா, பின்படி விஷயத்தைப் படித்துவிட்டு என் 212 போட்டோவையும் திரும்பப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பஸ்ஸின் பின்பக்கம் இல்லை. எல்லாம் பிளாட்பாரத்தில் நின்று எடுத்தது.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். ஹாஸ்டலில் 6 மணிக்கு முன்னால் விட மாட்டார்கள், அதனால் டவுனில் இருக்கிற தோழி வீட்டில் இன்று ராத்திரி தங்கல். டேப், ஸ்கேல், கிளிப்போர்டு. போனை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.


அரியர்_அண்ணா:

டார்ச் எடுத்துக்கொண்டு போ. ஐயா, உங்களை எங்கள் காலேஜ் ஜூரிக்குக் கூப்பிட்டிருந்தால் எனக்கு அரியரே வந்திருக்காது.


சுண்ணாம்புக்காரை:

ஸ்ட்ரக்சர்ஸ் அரியருக்கும் ஜூரிக்கும் என்ன சம்பந்தம் தம்பி.


பட்டர்பேப்பர்:

ஆறு நாள் கழித்து வருகிறேன். நாளை மறுநாள் ரிவ்யூ.

முதல் நாள் 4:45லிருந்து 10 மணி வரை இருந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை நிற்கிற பஸ்ஸை எண்ணினேன். அதிகபட்சம் 13, அது 8:45க்கு. இரண்டாம் நாள் மாலை 4லிருந்து 7:30. அதிகபட்சம் 12. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே டேப் வைத்தால் ஒரு இடத்தில் 90 செ.மீ., இன்னொரு இடத்தில் 1.1 மீட்டர். ஒரு டிரைவர் அண்ணன், "எதுக்கும்மா அளக்குற, இடிக்கப்போறாங்களா?" என்று கேட்டார். டீக்கடைக்காரரும் பயந்துவிட்டார். இல்லை இல்லை, பரீட்சைக்கு என்று சொல்லி இரண்டு டீ குடித்தேன்.

செக்‌ஷன் 1:50ல் போட்டேன் அக்கா. நாலு மணி வெயிலைப் போட்டால் பிளாட்பாரம் முழுக்கக் கோடு. 5 மீட்டர் அகலம்தான் அது. நேரில் பார்த்தாலும் அப்படியே இருந்தது: அந்த நேரத்தில் ஜனங்கள் எல்லாம் ஒரு விளம்பரப் பலகை நிழலில் வரிசையாக, ஒல்லியாக நிற்கிறார்கள். பலகை நிழல் நகர நகர அவர்களும் நகர்கிறார்கள். சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அதை மட்டும் அரை மணி நேரத்துக்கு ஒரு கோடாகத் தரையில் குறித்து ஒரு ஷீட் போட்டிருக்கிறேன்.

கணக்கு இப்படி வந்தது. பிரீஃப்படி 18 பஸ், ஒன்றுக்கு 3.5 மீட்டர், மொத்தம் 63 மீட்டர். அதே 63ல் 15 பஸ் நிறுத்தினால் ஒன்றுக்கு 4.2 மீட்டர். பஸ் 2.5 மீட்டர் அகலம் போக, சந்து 1.7 மீட்டர். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் இடிக்காமல் போகலாம். கூரையைப் பின்படி வரை நீட்டிவிட்டேன். தூண் எல்லாச் சந்திலும் வேண்டாம் என்று மூன்று பஸ்ஸுக்கு ஒன்று, 12.6 மீட்டர் இடைவெளி. பத்திரிகை அட்டையில் பன்னிரண்டு கூரை செய்தேன், அக்கா சொன்ன மாதிரி பதினொன்று குப்பை. மிச்சம் ஒன்று "சித்திரை 27ஆம் நாள் சுபமுகூர்த்தம்" என்று எழுதிய கூரை. அப்படியே ரிவ்யூவுக்குக் கொண்டுபோகிறேன், பெயர்களை மட்டும் கீறிவிட்டேன்.

நேற்று டெஸ்க் கிரிட்டில் மேடம், "பிரீஃபில் 18, நீ 15 காட்டுகிறாயே" என்றார். எண்ணின தாளைக் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தீபாவளிக்கு முதல் நாள்?" என்றார். அது தெரியவில்லை. ஓர் ஓரத்தில் மூன்று பஸ் நிற்க வெறும் தரை விட்டிருக்கிறேன், போதுமா என்று பார்க்க வேண்டும்.

பாலூட்டும் அறை டைம் கீப்பருக்கு முதுகு ஒட்டி வருகிறது, மைக் அறிவிப்பு அங்கே நேராகக் கேட்கும். ஜன்னல் கண்ணுக்கு மேலே.

கான்செப்ட் ஷீட்டில் இன்னும் தலைப்பு இல்லை. இப்போதைக்குப் பென்சிலில் "பின்படி நனையக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் செக்‌ஷனை அனுப்பினேன். "தூண் அஞ்சு இருக்கே" என்று பதில் வந்தது.


சுண்ணாம்புக்காரை:

தலைப்பை மாற்றாதே. சந்தில் நிற்கிற தூணுக்கு அடியில் கான்கிரீட் காவல் போட்டாயா? ரிவர்ஸில் ஒரு நாள் இடிக்கும். இன்னொன்று, கூரை பஸ் மேலே வந்துவிட்டதால் டீசல் புகை எங்கே போகும் என்று கட்டாயம் கேட்பார்கள். ஜாவூ தூணை இன்னொரு தடவை பார்.


டிரிப்ஷீட்:

பாப்பா, மகள் உன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சந்து நன்றாக இருக்கிறது. ராத்திரி கடைசி டிரிப் வந்து நைட் ஹால்ட் போடுகிற டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பார்கள்? நாங்கள் வெயில் காலத்தில் பஸ் கூரை மேல் ஏறிப் படுப்போம். நீ இப்போது அதற்கு மேலேயும் கூரை போட்டுவிட்டாய்.


பட்டர்பேப்பர்:

ஐயோ. அதை மறந்தே போனேன் ஐயா. டைம் கீப்பர் அறைக்கு மேலே மொட்டைமாடி சும்மாதான் இருக்கிறது. படி வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கிறேன்.